ஒருநாள் கிரிக்கெட்டின் உலக அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பல நாட்டு வீரர்களை ஒன்றுசேர்த்து ஓர் ஒருநாள் அணியை எழுதிப் பார்க்காத கிரிக்கெட் ரசிகர் அரிது. ஆனால் அப்படி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பதினொரு பெரிய பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. 50 ஓவர் ஆடி வெல்லக்கூடிய அணியாக ஆவதில்லை. 2005 அக்டோபரில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடிய ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) உலக அணிக்கு ஷான் பொல்லாக் தலைமை தாங்கினார். லாரா, டிராவிட், காலிஸ், சேவாக், சங்கக்கார, முரளிதரன் ஆகியோர் அதில் இருந்தனர். இருந்தும் மூன்று ஆட்டங்களிலும் முறையே 93, 55, 156 ரன் வித்தியாசத்தில் அந்த அணி தோற்றது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் உரிய வேலையை முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே அந்த வேலைக்கான ஆளைத் தேட வேண்டும்.

தொடங்கும் முன் எந்த விதிகளின்படி இந்த அணி ஆடப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் மூன்று உலகக் கோப்பைகள் 60 ஓவர் ஆட்டங்கள். 1987 முதல்தான் 50 ஓவர். 2011 அக்டோபர் முதல் ஒவ்வொரு முனைக்கும் ஒரு புதிய பந்து தரப்பட்டதால், பந்து பழசாகித் தலைகீழ் ஸ்விங் ஆகும், அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் காற்றில் வளையும், வாய்ப்பு குறைந்தது. 2025 ஜூலையில் அந்த விதி மாறி, 34 ஓவர்களுக்குப் பிறகு இரண்டில் ஒரு பந்தையே கடைசி வரை வீச வேண்டும் என்றாயிற்று. இறுதி ஓவர்களில் யாரை நம்புவது என்பது இதைப் பொறுத்தே அமையும். இன்றைய விதிகளையே அடிப்படையாகக் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

அடுத்து பந்துவீச்சைத் தேர்ந்தெடுங்கள். பலரும் மட்டையாளர்களில் தொடங்கி, மிச்சமுள்ள இடங்களில் பந்துவீச்சாளர்களைத் திணிக்கிறார்கள். ஒருவருக்குப் பத்து ஓவர்தான் என்பதால் ஐந்து பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் அடிவாங்கும் நாளில் கைகொடுக்க ஆறாவது ஆளும் வேண்டும். என் அணியில் வாசிம் அக்ரமும் மெக்ராத்தும் முதல் பத்து ஓவர்களைப் பாதிப் பாதியாக வீசுவார்கள். 11 முதல் 40 வரையிலான முப்பது ஓவர்களில் முரளிதரன் பத்து, மெக்ராத் ஐந்து, ஜோயல் கார்னர் ஐந்து, கபில் தேவும் சனத் ஜயசூரியாவும் சேர்ந்து பத்து. கடைசிப் பத்தில் அக்ரமும் கார்னரும் ஆளுக்கு ஐந்து. 1979 உலகக் கோப்பை இறுதியில் லார்ட்ஸ் மைதானத்தில் 38 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த கார்னரின் யார்க்கரையும் (மட்டையாளரின் காலடியில் விழும் பந்து), 1992 இறுதியில் இங்கிலாந்தின் லாம்பையும் லூயிஸையும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்திய அக்ரமையும் தாண்டி இந்த வேலைக்கு வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

எண்களைப் படிக்கும்போது காலத்தை மறக்கக்கூடாது. கார்னர் ஓவருக்கு 3.09 ரன்தான் கொடுத்தார் என்பது வியப்பூட்டும் கணக்கே. ஆனால் இறுதி ஆட்டத்தில் 183 ரன் மட்டுமே எடுத்த இந்தியா 1983 உலகக் கோப்பையை வென்ற காலம் அது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். விவியன் ரிச்சர்ட்ஸின் நிலை இதற்கு நேர்மாறானது. நூறு பந்துக்கு 90 ரன் என்ற அவருடைய வேகம் இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அந்த நாளில் அதே ஆடுகளங்களில் அவருடைய சக வீரர்கள் எந்த வேகத்தில் ஆடினார்கள் என்று பார்த்தால்தான், 47 சராசரியோடு அந்த வேகத்தைக் காத்ததன் அருமை விளங்கும். ஒரு வீரரை அவர் காலத்து வீரர்களோடு ஒப்பிட்ட பின்னரே வேறு காலத்தவரோடு ஒப்பிடுங்கள்.

மட்டையாட்டத்தில் மிகக் கடினமான முடிவு விக்கெட் கீப்பரைப் பற்றியது. தொடக்க ஆட்டக்காரராக நூறு பந்துக்கு ஏறத்தாழ 97 ரன் எடுத்த கில்கிறிஸ்ட்டை விடுவது எளிதல்ல. ஆனாலும் நான் தோனியையே எடுப்பேன். ஆறாவது இடத்தில் இறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் ஒருவர் கையில் கீப்பர் பொறுப்பும் இருந்தால், தொடக்க இடம் ஜயசூரியாவுக்குக் கிடைக்கும்; 13,430 ரன்களோடு அவருடைய 323 விக்கெட்டுகளும் அணிக்கு வந்து சேரும். தோனிக்கு இத்தகைய கலப்பு அணியில் ஆடிய அனுபவமும் உண்டு. 2007 ஜூன் 10 அன்று சேப்பாக்கத்தில் ஆப்பிரிக்க அணிக்கு எதிராக, ஐந்து விக்கெட்டுகள் சரிந்த பின் அவரும் இலங்கையின் ஜெயவர்த்தனவும் ஆசிய அணிக்காக 218 ரன் சேர்த்தார்கள். தோனி ஆட்டமிழக்காமல் 139 எடுத்தார். வேறு வேறு நாட்டவர் ஓர் அணியாக ஆட முடியும் என்பதற்கு அந்த இணையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தலைவர் பொறுப்பும் தோனிக்கே.

ஜயசூரியாவோடு டெண்டுல்கர் தொடங்குவார். பிறகு கோலி, ரிச்சர்ட்ஸ், டி வில்லியர்ஸ், தோனி, கபில் தேவ், அக்ரம், கார்னர், முரளிதரன், மெக்ராத். கடைசி மூவரிடம் அதிக ரன் எதிர்பார்க்க முடியாது என்பதும், முதல் ஏழு பேரில் இடக்கையர் ஒருவர்தான் என்பதும் இந்த அணியின் குறைகள். உங்கள் அணியிலும் இத்தகைய குறைகளை வெளிப்படையாக எழுதிவையுங்கள். பிறகு எஞ்சியவர்களிலிருந்து இன்னோர் அணியை அமைத்து, அதன் மட்டையாளர்களுக்கு எதிராக உங்கள் ஐம்பது ஓவர்களையும் ஒவ்வொன்றாகப் பங்கிட்டுப் பாருங்கள். 30ஆவது ஓவரில் கெயிலும் லாராவும் நிலைத்து ஆடினால் பந்தை யாரிடம் கொடுப்பீர்கள் என்ற கேள்விக்கு உடனே பதில் வரவில்லையென்றால், ஒரு மட்டையாளரை நீக்கிவிட்டுப் பந்துவீசத் தெரிந்த ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

பன்னிரண்டாவது வீரர் இடத்தை மரியாதைக்காக ஒரு பெரிய பெயருக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாற்று ஆட்டக்காரராக மைதானத்துக்குள் வருபவரின் வேலை பந்தைத் தடுப்பதும் பிடிப்பதும்தான். 1993இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஐந்து கேட்சுகளைப் பிடித்த ஜான்டி ரோட்ஸுக்கே அந்த இடத்தை நான் ஒதுக்குவேன்.