நுரையீரல் புற்று: திசுக் குறிப்பான், நுண்தனிமப் பரிசோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுரையீரல் புற்றுநோய் அறிக்கையில் ஓர் எண் தவறாக இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகிப்பது வழக்கம். பெரும்பாலும் பிழை அதற்கு முன்பே நுழைந்துவிடுகிறது: வெட்டிய கத்தியில், திசு கெடாமலிருக்க ஊற்றிய ஃபார்மலினில், இரத்தம் பிடித்த குழாயில். அந்தப் பிழையைப் பிறகு எந்தக் கருவியாலும் நீக்க முடியாது.

திசுவைத் தீர்த்துவிடுவது

ஊசிவழிப் பயாப்சியில் கிடைப்பது நூலிழை போன்ற சில துண்டுகள். அவற்றிலிருந்தே புற்றின் வகை, இஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணு மாற்றங்கள், பிடி-எல்1 (நோயெதிர்ப்பு மருந்து பலன்தருமா என்று காட்டும் புரதம்) அளவு எல்லாம் தெரிய வேண்டும். வகையைக் கண்டுபிடிக்கவே பத்துப் பன்னிரண்டு நிறமூட்டல் செய்துவிட்டால் மரபணுச் சோதனைக்குத் திசு மிஞ்சாது. நோயாளி மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டும். கூடுதல் நிறமூட்டலுக்குப் போகுமுன், அடினோகார்சினோமாவா (சுரப்பிச் செல் வகை), ஸ்குவாமஸா (தட்டைச் செல் வகை) என்று, அடிப்படை நிறம் மட்டும் ஏற்றிய வழக்கமான எச்&ஈ ஸ்லைடை முதலில் நிதானமாகப் பாருங்கள். அதில் வகை தெளிவாக இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். தெளிவில்லாவிட்டால் டிடிஎஃப்-1 (அடினோகார்சினோமாவைக் காட்டும் குறிப்பான் புரதம்), பி40 (ஸ்குவாமஸைக் காட்டுவது) இரண்டும் பெரும்பாலும் போதும். பி40-க்குப் பதில் பழைய பி63-ஐப் பயன்படுத்தினால் குழப்பம் வரும். கணிசமான அடினோகார்சினோமாக்களிலும் அது நிறமேறும்.

திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகு பிளாக்கை மைக்ரோடோமில் (மெல்லியதாகச் சீவும் கருவியில்) ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பரப்பைச் சமன்செய்யவே சில சீவல்கள் வீணாகும். ஆகவே தேவையான வெற்று ஸ்லைடுகளை ஒரே அமர்வில் வெட்டிவிடுங்கள். அவற்றை மாதக்கணக்கில் வைத்திருக்கவும் கூடாது. வெட்டிய ஸ்லைடில் புரதங்கள் மெல்ல மங்கும். பிடி-எல்1 பொய்யாகக் குறைந்து காட்டும்.

டிடிஎஃப்-1-ஐ அளவுக்கு மீறி நம்புவது

டிடிஎஃப்-1 இல்லை என்பதால் நுரையீரல் புற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நுரையீரல் அடினோகார்சினோமாக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அது தெரியாது. இருப்பதும் முழுச் சான்றாகாது: தைராய்டு புற்றிலும் பிற உறுப்புகளின் சிறுசெல் புற்றிலும் அது வரும். இன்னொரு பொறி உண்டு. புற்றுக்குள் சிக்கிய இயல்பான காற்றறைச் செல்களும் டிடிஎஃப்-1 ஏற்கும். சுற்றியுள்ள மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) நாப்சின்-ஏ என்ற இன்னொரு அடினோகார்சினோமாக் குறிப்பானை ஏற்கும். நிறம் விழுந்தது புற்றுச் செல்லின் மேல்தானா என்று பார்க்காமல் பாசிட்டிவ் என்று எழுதுவது பயிற்சிக்காலத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. பிடி-எல்1-லும் இதே மேக்ரோஃபேஜ்கள் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அங்கே குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல்களாவது இருந்தால்தான் சதவீதம் சொல்லலாம்.

ஃபார்மலினும் அமிலமும்

நடுநிலைப்படுத்திய 10% ஃபார்மலின், திசுவின் பருமனைப் போல் பத்து மடங்கு, சிறு துண்டுகளுக்கு 6 முதல் 48 மணி நேரம். வார இறுதியில் மறந்துபோய் நாட்கணக்கில் ஊறினால் டிஎன்ஏ துண்டாகும். டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் சிதைந்து, இல்லாத மரபணு மாற்றம் இருப்பதுபோலத் தெரியும். எலும்பில் பரவிய புற்றிலிருந்து எடுத்த திசுவை வலுவான அமிலத்தில் மென்மையாக்கினால் டிஎன்ஏ பாழ். அதற்கு, கால்சியத்தை மெல்லப் பிணைத்து நீக்கும் இடிடிஏ-தான் சரி. நேரம் கூடுதலாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவசரத்தில் நடக்கும் இன்னொன்று: பிடி-எல்1 உயர்ந்திருக்கிறது என்று, இஜிஎஃப்ஆர் முடிவு வருமுன்னே நோயெதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிடுவது. பின்னால் இஜிஎஃப்ஆர் மாற்றம் உறுதியாகி அதற்கான மருந்தான ஒசிமெர்டினிப் கொடுக்கும்போது கடுமையான நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் அந்தச் சில நாட்கள் காத்திருப்பதே நல்லது.

இரத்தக் குறிப்பான்கள்

சி.இ.ஏ., என்எஸ்இ, புரோஜிஆர்பி மூன்றும் இரத்தத்தில் அளக்கும் புற்றுக் குறிப்பான் புரதங்கள். சி.இ.ஏ. புகைப்பவர்களுக்குப் புற்று இல்லாமலே சற்று உயர்ந்திருக்கும். என்எஸ்இ சிவப்பணுக்களுக்குள்ளும் உண்டு. அந்தச் செல்கள் உடைந்திருந்தாலோ ஒரு மணி நேரத்துக்குள் சீரம் (குருதி உறைந்தபின் மிஞ்சும் தெளிநீர்) பிரிக்காவிட்டாலோ பொய்யாக ஏறும். புரோஜிஆர்பி சிறுநீரகச் செயலிழப்பில் உயரும். அதற்கு சீரத்தைவிட, உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மா ஏற்றது, ஏனெனில் உறைதலின்போது உண்டாகும் த்ராம்பின் அதைச் சிதைக்கும். முடி உதிர்வுக்கென்று அதிக அளவு பயோட்டின் எடுப்பவர்களுக்குச் சில கருவிகளில் அளவு பொய்யாகக் குறையும். இந்தச் சோதனைகளைக் கொண்டு நோயைத் தேடக் கூடாது. அதிக ஆபத்துள்ளவர்களில் இறப்பைக் குறைத்ததாக நிறுவப்பட்டது குறைந்த கதிர்வீச்சு சி.டி.; 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் நுரையீரல் புற்று மரணம் 20% குறைந்தது.

நுண்தனிமங்கள்

நுரையீரல் புற்றுள்ளவர்களின் சீரத்தில் துத்தநாகம், செலினியம் குறைவதும் செம்பு கூடுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டது. இதைக் குறைபாடு என்று வாசிப்பதுதான் முதல் தவறு. அழற்சியில் துத்தநாகம் கல்லீரலுக்குள் இழுக்கப்படும். அதைச் சுமக்கும் ஆல்புமினும் குறையும். செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் அழற்சியில் கூடும். ஒரு நிமோனியாவே இதே சித்திரத்தைத் தந்துவிடும். சிஆர்பி (அழற்சியில் உயரும் புரதம்), ஆல்புமின் இரண்டையும் கூடவே பார்க்காமல் செம்பு-துத்தநாக விகிதத்தைப் புற்றின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருத்தடை மாத்திரையும் செம்பை உயர்த்தும்.

சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்து துத்தநாகம் கசியும். நுண்தனிமத்துக்கென்று தயாரான அடர்நீல மூடிக் குழாயைப் பயன்படுத்துங்கள். காலையில், வெறும் வயிற்றில் எடுங்கள். சாப்பிட்டதும் துத்தநாகம் இறங்கும். சிவப்பணுக்களில் துத்தநாகம் மிகுதி என்பதால் குருதி உடைந்த மாதிரியை நிராகரிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ.-க்குக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்திலுள்ள கடோலினியம் செலினிய அளவீட்டில் குறுக்கிடும். கான்ட்ராஸ்ட் செலுத்தியிருந்தால் 96 மணி நேரம் விடுவது பாதுகாப்பு.

திசுவில் அளப்பது இன்னும் கடினம். எஃகுக் கத்தி குரோமியத்தையும் நிக்கலையும் திசுவில் விட்டுச்செல்லும். நீங்கள் தேடுவதே அவை இரண்டும் என்றால் முடிவு வீண். செராமிக் அல்லது டைட்டானியம் கத்தி, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் கலம், உடனே உறைநிலை. ஃபார்மலினில் கிடந்த திசுவில் சில தனிமங்கள் கரைந்து வெளியேறும், வேறு சில உள்ளே வரும். இரத்தத்தை அகற்ற உப்புநீரில் கழுவுவதும் தொல்லை: தனிமங்களை அணு நிறைப்படி அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில், உப்பின் குளோரின் கருவியின் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து, ஆர்செனிக்கின் 75 என்ற நிறையிலேயே வந்து நிற்கும். இந்தக் குறுக்கீட்டை விலக்கும் ஹீலியம் மோதல் கலம் இல்லாத கருவியில் இது பொய்யான ஆர்செனிக்.

எடையை ஈரமாகச் சொல்கிறீர்களா, உலர்ந்ததாகவா என்று எழுதாத அட்டவணை பயனற்றது. திசுவில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்றால் அதே அளவு ஐந்து மடங்காகத் தோன்றும். மொத்தக் குரோமியம் உயர்ந்ததைக் கண்டு புற்று உண்டாக்கும் ஆறிணைத்திறக் குரோமியம் என்று எழுதவும் கூடாது. செல்லுக்குள் அது மூவிணைத்திற வடிவமாக மாறிவிடுகிறது.

குறைந்த எண்ணைப் பார்த்ததும் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். முதல் நிலைப் புற்றை அறுத்து எடுத்தவர்களுக்குத் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்த ஆய்வு 2013-இல் வெளியானது. அடுத்த புற்று வருவதை அது தடுக்கவில்லை.

மாதிரியோடு போகும் படிவத்தில் இவற்றை எழுதுங்கள்: புகைபிடித்தல், உணவு உண்ட நேரம், இரத்தம் எடுத்த நேரம், கடைசியாகக் கடலுணவு சாப்பிட்ட நாள் (அதிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் மொத்த அளவைக் கூட்டும்), கான்ட்ராஸ்ட் செலுத்திய தேதி, எடுக்கும் சத்து மாத்திரைகள்.