பல்சரை விளக்கும்போது சறுக்கும் இடங்கள்

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். யாராவது பல்சர் (துடிப்புத் துடிப்பாய்க் கதிர் தெரியும், சுழலும் நியூத்திரன் விண்மீன்; பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் ஒடுங்கிய கரு) என்று வாயெடுத்தால் பாடம் அரை மணி நேரம் ஓடிவிடும். தவறுகளும் ஒரே மாதிரித்தான் வரும்.

புத்தகங்கள் வெளிச்சவீட்டை உவமை சொல்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர் வெளிச்சவீட்டைக் கண்டதேயில்லை, அதனால் பல்சர் மின்மினிபோல அணைந்து எரிகிறது என்று எழுதிவிடுகிறார்கள். கினிகத்தேனை இறக்கத்தில் வரும் இரவு பஸ்ஸை நினையுங்கள். லயத்துச் சுவரில் வெளிச்சம் பட்டு மறையும். லைட் அணையவில்லை, பஸ் வளைவில் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பல்சரும் அப்படித்தான், சுழலும்போது கதிர் நம் பக்கம் திரும்பினால் மட்டும் தெரியும். நண்டு நெபுலாவின் (வெடித்த விண்மீனொன்றின் முகில்) பல்சர் செக்கனுக்குச் சுமார் 30 தடவை சுழல்கிறது.

"காந்தப்புலம் துணிக்கைகளை வேகப்படுத்துகிறது" என்பதற்கு நான் புள்ளியே போடமாட்டேன். காந்தவிசை இயக்கத்துக்குச் செங்குத்து. திசையைத் திருப்பும், சக்தியைக் கூட்டாது. வகுப்பில் படித்ததுதான், பல்சர் என்றதும் மறந்துபோகிறது. ஆர்முடுக்குவது மின்புலம். லக்சபான நீர்மின் நிலையத்தில் டர்பைன் சுழல மின்சாரம் பிறக்கிறதே, அதே தூண்டல்தான் இங்கேயும். ஆனால் சுழலும் காந்தம் 10 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆரையுள்ள நியூத்திரன் விண்மீன். புலமோ 10 கோடி தெஸ்லா அளவு. மின்னேற்றங்கள் நிரம்பிய இடத்தில் அவையே காந்தக் கோட்டின் வழியான மின்புலத்தை அடக்கிவிடும். ஏற்றம் போதாத இடைவெளிகளில்தான் அது மிஞ்சும். காந்தத் துருவத்தை அடுத்த இடைவெளியில் 1 லட்சம் கோடி வோல்ட்டு அளவுக்கு வரலாம். அங்கே அகப்பட்ட இலத்திரன், வளைந்த காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு ஒளிவேகத்தை நெருங்கி ஓடும், ஓடும் திசையிலேயே காமாக் கதிரை வீசும் (மறுபடியும் பஸ் லைட்!). அந்தக் கதிர் கடுங் காந்தப்புலத்தில் இலத்திரன், பொசித்திரன் (இலத்திரனின் நேரேற்ற இணை) சோடியாக மாறும். சோடியும் கதிர் வீசும், அதிலிருந்து புதுச் சோடிகள். தேயிலையில் கொப்புள நோய் பரவுவதுபோல மளமளவென்று பெருகும்.

"உள்ளே அணுக்கரு எரிந்து சக்தி வருகிறது" என்றும் எழுதுவார்கள். இல்லை, சுழற்சியே மூலதனம். நண்டுப் பல்சர் சூரியனைப்போல ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு வலுவைச் செலவழிக்கிறது. அதற்கு ஈடாக அதன் சுழற்சிக் காலம் நாளொன்றுக்குச் சுமார் 36 நானோசெக்கன் நீள்கிறது.

அப்புறம், எல்லாக் கதிரும் துருவத்திலிருந்தே வருவதாகப் படம் போடாதீர்கள். பெரும்பாலான பல்சர்களில் வானொலி அலை துருவத்துக்கு மேலே பிறக்கும். காமாக் கதிரோ மிக வெளியே, விண்மீனோடு கூடவே சுழல்வதற்கு ஒளிவேகம் வேண்டிவரும் எல்லைக்குக் கிட்ட. நண்டுப் பல்சருக்கு அந்த எல்லை சுழற்சி அச்சிலிருந்து சுமார் 1,600 கிலோமீற்றர். 2008இல் ஏவிய ஃபெர்மி காமாக் கதிர் விண் தொலைநோக்கி கண்ட துடிப்புகளின் வடிவம் இதைத்தான் காட்டுகிறது.