கடிபட்டால் என்ன செய்வது: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

புதிதாக வந்து இறங்குபவர்களுக்கு நாம் சொல்லித்தரும் விஷயங்களில் வங்கிக் கணக்கு இருக்கும், வாடகை ஒப்பந்தம் இருக்கும், மருத்துவக் காப்பீடும் இருக்கும். பக்கத்து வீட்டு நாய் கடித்தால் என்ன செய்வது, காப்பகத்தில் இன்னொரு குழந்தை நம் குழந்தையைக் கடித்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடிபட்ட பிறகுதான் கேட்கிறார்கள், அதுவும் இரண்டு நாள் கழித்து, கை வீங்கிய பிறகு. காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சின்னக் காயம்தானே என்று விட்டுவிட்டேன்."

கடிக்காயத்தில் அளவை நம்பக்கூடாது. எது கடித்தது, உடம்பில் எந்த இடத்தில் கடித்தது, கடிபட்டவருக்கு வேறு நோய் ஏதும் உண்டா, இந்த மூன்றையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். நீங்களும் அப்படிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் கால் மணி நேரம்

கடித்தது எதுவாக இருந்தாலும் முதல் வேலை கழுவுவது. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று புரியும். பெரும்பாலானவர்கள் ஒரே நிமிடத்தில் போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். ரேபிஸ் கிருமியைக்கூட சோப்பும் தண்ணீரும் ஓரளவு அழித்துவிடும், அதனால்தான் இதற்கு இவ்வளவு அழுத்தம். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் தடவலாம். வீட்டில் கைக்குக் கிடைக்கும் பொடி, எண்ணெய் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம்.

ரத்தம் பீறிட்டு வந்தால் மட்டும் கழுவுவது இரண்டாவது. சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. கையில் கடிபட்டிருந்தால் மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் காயத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். நான்கு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்பது மருத்துவருக்கு நிறையச் சொல்லும்.

பூனைப் பல்லும் விரல் முட்டியும்

நாய்க்கடி பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். சதை கிழிந்து நசுங்கியிருக்கும், ஆனால் காயம் திறந்திருப்பதால் கழுவ முடியும். பூனைக்கடி நேர்மாறு. அதன் பல் ஊசி மாதிரி மெல்லியது. தோலில் இரண்டு சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே மூட்டு வரைக்கும் போயிருக்கும். வெளித் துளை மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே தங்கிவிடும். பூனை, நாய் இரண்டின் வாயிலும் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி அசாத்திய வேகம் கொண்டது. சாயங்காலம் கடிபட்ட விரல், மறுநாள் காலையில் சிவந்து பளபளவென்று வீங்கி, மடக்கவே முடியாமல் போய்விடும். கையில் பூனை கடித்துத் தோல் துளைத்திருந்தால், வலி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே காட்டிவிடுங்கள் என்பது என் கருத்து.

மனிதக் கடியில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. சண்டையில் ஒருவர் இன்னொருவரின் வாயில் குத்துகிறார். பல் பட்டு விரல் முட்டியில் அரை அங்குலத்துக்கும் குறைவான வெட்டு. இதை யாரும் கடி என்று நினைப்பதில்லை, குத்தினேன் என்று சொல்லக் கூச்சமும் இருக்கும். குத்தும்போது விரல்கள் மடங்கி இருக்கின்றன. பல் தோலைத் தாண்டி, தசைநாரைத் தாண்டி, மூட்டுக்குள் இறங்குகிறது. பிறகு கையை விரித்ததும் தோலும் தசைநாரும் ஒவ்வொன்றும் வேறு வேறு தூரத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் உள்ளே போன கிருமி அடைபட்டுவிடும், மேலே பார்ப்பவருக்குக் கீறல் மட்டும்தான் தெரியும். இது மூட்டையே அழித்துவிடக்கூடிய காயம். மருத்துவரிடம் போகும்போது கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லாதீர்கள். வாயில் பட்டது என்று சொன்னால்தான் எக்ஸ்ரே எடுத்து, உடைந்த பல் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பார்கள், விரலை மடக்கச் சொல்லி உள்ளே நோக்குவார்கள்.

மனிதக் கடியில் ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்று பற்றியும் கேட்பார்கள். தடுப்பூசி போட்டதில்லை என்றால் போடுவார்கள். எச்.ஐ.வி. பயம் பலருக்கு வருகிறது. எச்சிலால் அது பரவாது. ரத்தம் கலந்திருந்தால் மட்டும் பேச வேண்டிய விஷயம். தேவை என்று மருத்துவர் நினைத்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

சின்னக் குழந்தைகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்வது காப்பகங்களில் சர்வ சாதாரணம். தோல் கிழியாமல் பல் தடம் மட்டும் என்றால் கழுவி விட்டாலே போதும். ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: குழந்தையின் உடம்பில் கடித்தடம் இருந்தால், கோரைப் பற்களுக்கு இடையே 3 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று மருத்துவர் அளந்து பார்ப்பார். அவ்வளவு அகலம் இருந்தால் கடித்தது பெரியவராக இருக்கலாம். கேள்விகள் வரும், சமூகப் பணியாளரும் வரலாம். நம் மீது சந்தேகமா என்று கோபப்படாமல் நடந்ததைச் சொல்லுங்கள். எல்லாப் பெற்றோரிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

"தையல்கூடப் போடவில்லை"

புதிதாக வந்தவர்கள் அதிகம் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். காயத்தைத் திறந்தபடியே விட்டு, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். அது அலட்சியம் கிடையாது. கையில் பட்ட கடி, குத்துக்காயம், பூனைக்கடி, நேரம் கடந்து வந்த காயம் இவற்றை இறுக்கித் தைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், தழும்பும் தெரியும் என்பதால் அங்கே நன்றாகக் கழுவிவிட்டுத் தைப்பதுண்டு.

எல்லாக் கடிக்கும் ஆன்டிபயாடிக் தரமாட்டார்கள். கை, கால், முகம், மூட்டுப் பக்கம், ஆழமான துளை, சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்றால் தருவார்கள். பெரும்பாலும் அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை, முன்தடுப்பு என்றால் 3 முதல் 5 நாள். பயணப் பெட்டியில் கொண்டுவந்த மாத்திரையைத் தேடி விழுங்க வேண்டாம். செஃபலெக்ஸின் போன்றவை பாஸ்டுரெல்லாவிடம் சரியாக வேலை செய்யாது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு. மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் நாய்க்கடியை எவ்வளவு சின்னதானாலும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நாய் வாயில் உள்ள ஒரு கிருமி அவர்களுக்கு ரத்தத்திலேயே பரவிவிடும்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பது நிச்சயம் வரும் கேள்வி. கடிக்காயம் அசுத்தமான காயம் என்ற கணக்கில் வருவதால், கடைசி ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேலாகியிருந்தால் இன்னொன்று போடுவார்கள். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள்.

குடும்ப மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டியவை: நிற்காத ரத்தம், முகம் அல்லது கழுத்தில் கடி, கைக்குழந்தையின் தலையில் கடி (பெரிய நாயின் பல் மண்டையோட்டையே துளைக்கும்), விரல் மரத்துப்போவது அல்லது மடங்காமல் இருப்பது, காய்ச்சல், காயத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் சிவப்புக் கோடு.

ரேபிஸ்: நாட்டுக்கு நாடு கணக்கு வேறு

நம்மில் பலருக்கு நாய்க்கடி என்றாலே ரேபிஸ்தான் நினைவுக்கு வரும். அது நியாயம்தான், உலகில் மனிதருக்கு வரும் ரேபிஸில் ஏறக்குறைய 99 சதவீதம் நாயால் வருகிறது, அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் நீங்கள் வந்திருக்கும் நாட்டில் நிலைமை வேறாக இருக்கலாம். சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாய்களிடம் ரேபிஸ் கிடையாது, ஆனால் வௌவால்களிடம் அதே குடும்பத்து வைரஸ் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வௌவால், ரக்கூன், ஸ்கங்க், நரி இவற்றைத்தான் பார்க்க வேண்டும். நார்வேயின் பெருநிலப் பகுதியில் இல்லை. ஸ்வால்பார் தீவுகளின் பனிநரிகளிடம் உண்டு. மலேசியாவின் சரவாக்கில் 2017 முதல் நாய்களிடையே பரவியிருக்கிறது.

வௌவாலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் பல் அவ்வளவு சின்னது, கடித்த தடமே தெரியாமல் போகலாம். தூங்கி எழும்போது அறைக்குள் வௌவால் இருந்தால், அல்லது குழந்தை தனியாக இருந்த அறையில் இருந்தால், காயம் தெரியவில்லை என்று விட்டுவிடாமல் சுகாதாரத் துறையைக் கூப்பிடுங்கள். வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம்.

ஊருக்கு விடுமுறையில் போனபோது கடிபட்டுத் திரும்பி வந்தவர்கள் அதை இங்குள்ள மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரேபிஸ் இல்லாத நாட்டு மருத்துவருக்கு நீங்கள் சொல்லாவிட்டால் அந்த எண்ணமே வராது. சில வாரங்கள் ஆகிவிட்டது என்றாலும் போங்கள். நோய் வெளிப்பட வழக்கமாக 2 முதல் 3 மாதம் ஆகும் என்பதால் தடுப்பூசிக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அது பழைய தடுப்பூசிக் கதை. இப்போது தோள்பட்டையில், நாட்டைப் பொறுத்து நான்கோ ஐந்தோ ஊசி. தோல் துளைத்த கடி என்றால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை உடனே எதிர்க்கும் மருந்தையும் போடுவார்கள். அது சின்ன மருத்துவமனைகளில் இருப்பில் இருக்காது, வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால் சீக்கிரம் போவது நல்லது.

வளர்ப்பு நாய் கடித்தால் உரிமையாளரின் பெயர், தொலைபேசி எண், நாயின் தடுப்பூசிச் சான்று மூன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். பல இடங்களில் மருத்துவர் இதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அக்கம்பக்கத்தில் பகை வருமோ, அந்த நாயைக் கொன்றுவிடுவார்களோ என்று மறைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது, நாயை 10 நாள் கண்காணிப்பில் வைப்பதுதான். அந்த 10 நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இருக்கவில்லை என்று அர்த்தம். தொடங்கிய ஊசியையும் மருத்துவர் நிறுத்திவிடலாம்.

மொழி தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகள் தொலைபேசியிலேயே பிடித்துத் தருகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளையை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். ஊசி அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். ரேபிஸ் ஊசியை முழுதாகப் போட்டு முடித்தவருக்கு, பின்னொரு நாள் கடிபட்டால் இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. அதற்கு அத்தாட்சி அந்த அட்டைதான்.