மாதக் கூட்டத்தில் பிள்ளையைப் பற்றிப் பேச வைப்பது எப்படி?

குழந்தைகள் இல்லத்தில், ஒவ்வொரு பிள்ளையின் ஃபைலையும் கவனிக்கும் கேஸ் ஒர்க்கராகப் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "அக்கா, எந்த ரிஜிஸ்டரை முதலில் முடிக்கணும்?" ரிஜிஸ்டர் வேண்டியதுதான், இன்ஸ்பெக்‌ஷனில் கேட்பார்கள். ஆனால் எல்லாப் பதிவேடும் நிரம்பியிருக்க, ஒன்பதாவது படிக்கும் பையன் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தால் யாருக்கு லாபம்?

இல்லத்தின் மேலாண்மைக் குழு மாதாமாதம் கூடும் கூட்டத்தில் பிள்ளைகளின் ஃபைலை முதலில் எடுங்கள். தண்ணீர் மோட்டார், பெயின்ட் செலவெல்லாம் அப்புறம். மோட்டாரில் தொடங்கினால் டீ வரும்வரை மோட்டார்தான்.

படிவம் 7, அதாவது தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைத் திறங்கள். "படிப்பில் ஆர்வம் காட்டுகிறான், ஆலோசனை வழங்கப்பட்டது" என்று இருக்கிறதா? அடித்துவிடுங்கள். இன்னொரு பிள்ளையின் ஃபைலிலும் அப்படியே ஒட்டக்கூடிய வரி எதற்கும் உதவாது. "நாலாம் வகுப்புப் பாடத்தைத் திக்காமல் வாசிக்கிறான், வகுத்தல் வரவில்லை, அரையாண்டுக்குள் வரவேண்டும், பொறுப்பு மாலை டியூஷன் டீச்சர்" என்று எழுதுங்கள். அடுத்த கூட்டம் அந்த வகுத்தலில் தொடங்கட்டும்.

திட்டத்தை எழுதும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த இல்லத்தில் தையல் மெஷின் இருக்கிறதோ, அங்கே எல்லாப் பெண்களின் லட்சியமும் டெய்லரிங் என்றே எழுதியிருக்கும்! கேட்டுப் பாருங்கள், ஒருத்தி நர்சிங் என்பாள், ஒருத்தி போலீஸ் என்பாள்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் இன்னொரு கேள்வி: இந்தப் பிள்ளை ஏன் இன்னும் இங்கே இருக்கிறது? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே குடும்பச் சூழலுக்குத்தான் முன்னுரிமை தருகிறது. அம்மா இருக்கிறார், வறுமைதான் காரணம் என்றால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நேரில் போய்ப் பாருங்கள். ஃபோனில் எல்லோரும் "நல்லாயிருக்கோம்" என்றுதான் சொல்வார்கள்.

பதினெட்டு வயதானால் பிள்ளை இல்லத்தை விட்டுப் போக வேண்டும்; அதற்கான வேலையைப் பதினைந்திலேயே தொடங்குங்கள். ஆதாரில் கைரேகை புதுப்பித்தல், சாதிச் சான்றிதழ், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் போனபின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்கு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்கு 21 வயது வரை பின்காப்பு உதவி, அதாவது இல்லத்தை விட்டுப் போனபின் சொந்தக் காலில் நிற்பதற்கான உதவி, உண்டு. அதற்கான மனுவை, பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நன்கொடையாளர்கள் பிறந்தநாள் பிரியாணியோடு வருவார்கள். சந்தோஷம். ஒரே ஞாயிறன்று மூன்று பிரியாணி வந்தால், ஒருவரிடமாவது சனிக்கிழமை கணக்கு டீச்சருக்குச் சம்பளம் கேளுங்கள். பெரும்பாலும் தருகிறார்கள்.