வேலிக் கம்பத்தில் ஒரு கல் ஈ: பிரக்கிப்டெரா புடாட்டாவை அடையாளம் காண்பது எப்படி?

பிப்ரவரி பிறந்துவிட்டால் டீ ஆற்றங்கரைக்குப் போய், வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஸ்காட்லாந்தில் அப்போது இன்னும் பனி போயிருக்காது. ஆனாலும் வெயில் விழும் கம்பத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் கரும்பழுப்புப் பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அது நார்தர்ன் பிப்ரவரி ரெட்டாக இருக்கலாம். அறிவியல் பெயர் பிரக்கிப்டெரா புடாட்டா. பிரிட்டனைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத கல் ஈ இது. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஹெரிஃபோர்டு பக்கம் வை ஆற்றிலும் இருந்தது. இப்போது ஸ்காட்லாந்தின் டீ, ஸ்பே போன்ற ஆறுகள்தான் அதன் வீடு.

பூச்சியியல் படிக்காதவர்களும் இதை அடையாளம் காணலாம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மூடியுள்ள சின்னக் கண்ணாடி டப்பா, ஒரு நோட்டு, இவை போதும். கூடவே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் படி: கல் ஈதானா?

கல் ஈக்கள் பிளெகோப்டெரா என்ற வரிசையைச் சேர்ந்தவை. உட்காரும்போது இறக்கையை முதுகின்மேல் தட்டையாக மடித்தோ உடம்பைச் சுற்றிச் சுருட்டியோ வைத்துக்கொள்ளும். ஆற்றோரம் இதோடு குழம்பக்கூடிய வேறு பூச்சிகள் மே ஈயும் கேடிஸ் ஈயும். மே ஈ என்றால் இறக்கை பாய்மரம்போல நிமிர்ந்து நிற்கும். கேடிஸ் ஈக்கு இறக்கை கூரைபோலச் சரிந்திருக்கும், மேலே மெல்லிய மயிரும் இருக்கும்.

ஆற்றுக் கல்லைப் புரட்டி, தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சியைப் பார்த்தீர்களானால் வாலை எண்ணுங்கள். கல் ஈக்கு இரண்டு வால் இழைகள்தான். மே ஈயின் இளம்பூச்சிக்குப் பெரும்பாலும் மூன்று. வால் ஒன்று ஒடிந்திருந்தால் எண்ணிக்கை ஏமாற்றிவிடும், அதனால் காலையும் பாருங்கள். கல் ஈக்குப் பாதத்தின் நுனியில் இரண்டு நகங்கள், மே ஈக்கு ஒன்று. இந்தப் படி மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் நியோபெர்லா என்ற கல் ஈ உண்டு, அங்கேயும் இப்படியே பார்க்கலாம்.

இரண்டாம் படி: எந்தக் குடும்பம்?

பிரிட்டனில் கல் ஈக்களுக்கு ஏழு குடும்பங்கள். நமக்கு வேண்டியது டேனியாப்டெரிஜிடே. இனி சொல்வதெல்லாம் வளர்ந்த பூச்சிக்கு.

முதலில் வால். இந்தக் குடும்பத்தில் வளர்ந்த பூச்சிக்கு வால் இழை மிகச் சிறியது, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நீளமான வால் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு குடும்பம். இதைச் சோதிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். புடாட்டாவின் ஆணுக்கு இறக்கை குட்டை, ஆனால் குட்டை இறக்கை ஆண்கள் மற்ற குடும்பங்களிலும் உண்டு, ஆரம்பத்தில் பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

அப்புறம் பாதம். பாதத்தில் மூன்று கணுக்கள் இருக்கும். டேனியாப்டெரிஜிடேயில் மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம். இதே பருவத்தில் வெளியே வரும் ஊசி ஈக்கள், அதாவது லூக்ட்ரிடே குடும்பம், வாலில் இதைப் போலவே இருந்தாலும் நடுக் கணு மிகவும் குட்டை. அவை இறக்கையைச் சுருட்டி ஊசிபோல மெலிந்தும் தெரியும். நெமூரிடே குடும்பத்திலும் நடுக் கணு குட்டைதான், இறக்கை நுனிப் பக்கம் நரம்புகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும். பூச்சியை டப்பாவுக்குள் விட்டுக் கண்ணாடி வழியாக அடியிலிருந்து பார்த்தால் பாதம் நன்றாகத் தெரியும்.

மூன்றாம் படி: எந்தப் பேரினம்?

இந்தக் குடும்பத்தில் பிரிட்டனில் நான்கு இனங்களே உள்ளன. அவற்றில் டேனியாப்டெரிக்ஸ் நெபுலோசாவை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். தூண்டில்காரர்கள் வெறுமனே பிப்ரவரி ரெட் என்று சொல்வது அதைத்தான். பெயரும் பருவமும் ஒத்திருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. அதன் இளம்பூச்சிக்கு ஒவ்வொரு காலின் அடிமூட்டிலும் ஒரு செவுள் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டை உரித்து வளர்ந்த பூச்சியான பிறகும் அந்த இடத்தில் வட்டமான வடு ஒன்று மிஞ்சும். பிரக்கிப்டெராவில் செவுளும் இல்லை, வடுவும் இல்லை. எனக்கு இந்த வடு மிகவும் பிடித்த அடையாளம். தண்ணீருக்குள் வாழ்ந்த காலத்தின் தடத்தைப் பூச்சி காலிலேயே வைத்திருக்கிறது.

நான்காம் படி: புடாட்டாவா, ரிஸியா?

பிரக்கிப்டெரா ரிஸி பிரிட்டன் முழுக்கச் சாதாரணமாகக் கிடைப்பது. புடாட்டாவைப் பிரித்துக் காட்டுவது ஆண் பூச்சிதான். ரிஸியில் ஆண், பெண் இரண்டுக்கும் முழு இறக்கை. புடாட்டாவில் பெண்ணுக்கு மட்டும் முழு இறக்கை, ஆணுக்குக் குட்டை இறக்கை, அதனால் பறக்க முடியாது. கம்பத்தில் ஓட்டமும் நடையுமாகத்தான் திரியும். பிரக்கிப்டெரா என்ற கிரேக்கப் பெயருக்கே குட்டை இறக்கை என்றுதான் பொருள். புடாட்டா என்ற லத்தீன் சொல்லுக்குக் கத்தரித்துவிட்டது என்ற பொருள் உண்டு. ஆணைப் பார்த்தால் பெயர் தானாக நினைவில் நிற்கும்.

சரி, பெண் மட்டும் கிடைத்தால்? இறக்கையில் கருமையான பட்டைகளைப் பார்த்து முதல் வருடம் நான் உடனே புடாட்டா என்று எழுதிவிட்டேன். பிறகு அதைத் திருத்த வேண்டியிருந்தது. பட்டையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வயிற்றின் நுனியை நுண்ணோக்கியில் பார்த்து, நன்னீர் உயிரியல் சங்கம் 1977-இல் வெளியிட்ட ஹைன்ஸின் அடையாளக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் பிரக்கிப்டெரா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இளம்பூச்சிக்கும் அப்படியே. பேரினம் வரை சரியாக எழுதிய பதிவு பயன்படும். தவறான இனப் பெயரோ இவ்வளவு அரிய பூச்சி இல்லாத ஆற்றில் அதை இருப்பதாகக் காட்டிவிடும்.

வகைப்பாட்டை எழுதும் முறை

நோட்டில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்: வகுப்பு பூச்சிகள், வரிசை பிளெகோப்டெரா, துணைவரிசை ஆர்க்டோபெர்லேரியா, குடும்பம் டேனியாப்டெரிஜிடே, பேரினம் பிரக்கிப்டெரா, இனம் புடாட்டா. துணைவரிசையின் பெயரிலேயே வடக்கு இருக்கிறது, வட அரைக்கோளத்துக் கல் ஈக்கள் ஏறக்குறைய எல்லாம் இதில் அடங்கும். இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் வயிற்றால் மரத்தைத் தட்டித்தான் துணையை அழைக்கின்றன.

இனப் பெயருக்குப் பின்னால் நியூமன், 1838 என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். முதலில் விவரித்தவரும் வருடமும் அது. அடைப்புக்குறி இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து இந்த இனம் பின்னர் மாற்றப்பட்டது என்று அர்த்தம்.

எப்போது, எங்கே தேடுவது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காற்றில்லாத வெயில் நாளில், ஆற்றை ஒட்டிய வேலிகளில். வெளிறிப்போன பழைய மரக் கம்பங்களில் பூச்சி பளிச்சென்று தெரியும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என மூன்று படமாவது எடுங்கள். தேதி, ஆற்றின் பெயர், துல்லியமான இடம், ஆண் எத்தனை பெண் எத்தனை என்று குறித்து, உயிரினப் பதிவுகளைச் சேகரிக்கும் ஐரெக்கார்டு இணையதளத்தில் படங்களோடு ஏற்றுங்கள். டப்பாவில் இருக்கும் பூச்சியை அதே கம்பத்தில், வெயில் படும் பக்கமாகவே விட்டுவிடுங்கள். ஆணால் பறந்து திரும்பி வர முடியாது.