தனியாக இருக்கும் பெரியவர்கள்: அக்கம்பக்கத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் 18 வீடு. அதில் ஆறு வீட்டில் எழுபது தாண்டியவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று ஆரம்பித்து நாங்களே செய்த தவறுகள்தான் இதில் பாதி.

முதல் தவறு வாட்ஸ்அப். குரூப்பில் பூப்போட்ட குட்மார்னிங் வந்துவிட்டால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடுவது. பின்வீட்டு மாமி ஒருநாள் ஐந்தரைக்கு அதை அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனவர், ஒன்பது மணிவரை பாத்ரூமிலேயே விழுந்து கிடந்தார். கேட்டில் தொங்கிய பையில் பால் பாக்கெட் அப்படியே இருக்கிறதே என்று கவனித்தது இஸ்திரி வண்டிக்காரர், குரூப்பில் இருக்கிற நாங்கள் முப்பது பேர் இல்லை. எடுக்காத பால், போடாத கோலம், பகலிலும் எரிகிற வாசல் விளக்கு, இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர்கள் பால் போடுகிறவரும் பேப்பர் பையனும் வேலைக்கு வருகிற அக்காவும்தான். அவர்களிடம் நம் நம்பரைக் கொடுத்து வைக்காமல் தெருமுனையில் கேமரா மாட்ட வசூல் பண்ணிக்கொண்டிருந்தோம். கேமரா திருடனைக் காட்டும், பாத்ரூமில் விழுந்தவரைக் காட்டுமா?

சரி, உள்ளே எப்படிப் போனோம் என்று கேளுங்கள். மாற்றுச் சாவி டல்லாஸில் இருந்தது. வாசல் பூட்டை உடைத்துப் போனால் பாத்ரூம் உள்தாழ்ப்பாள், அதுவும் உள்பக்கமாகத் திறக்கிற கதவு, மாமி அதன்மேல் சாய்ந்து கிடக்கிறார். கதவை எடுத்த பிறகு ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தோம் பாருங்கள், அதுதான் பெரிய தவறு. ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியே கிடக்கவிட்டு, குளிராமல் போர்த்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாமல் அவர் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மாமி வருவதற்குள் மகன் ஆன்லைனில் ஸ்டீல் கைப்பிடி வாங்கி அனுப்பினார், நாங்களும் ஆள் வைத்துப் பாத்ரூம் சுவரில் அடித்துவிட்டோம். மாமி பார்த்துவிட்டு, "என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றார். கேட்கவில்லை. பிறகு அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று காட்டச் சொன்னோம். நாங்கள் அடித்ததற்கு ஒரு சாண் கீழே, இடதுபக்கம். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் இருந்த டவல் கம்பியைத்தான் பிடித்து எழுந்திருக்கிறார், அது இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்பது. இப்போது கதவில் தாழ்ப்பாள் கிடையாது. கதவு மேல் துண்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம், அதுவும் மாமி சொன்ன யோசனைதான்.

"நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்பதையும் நிறுத்திவிடுங்கள். கடைக்குப் போய்வருகிற அந்த நாலு தப்படிதான் காலுக்குத் தெம்பு. அதைப் பிடுங்கிக்கொண்டு பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொடுத்து என்ன பயன்? கடைவாசலில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், போதும்.

மாத்திரை விஷயத்தில் டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு டாக்டர்களிடம் போகிறவர் ஒரே பிரஷர் மருந்தான அம்லோடிபினை இரண்டு கம்பெனிப் பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுந்த பிறகுதான் தெரியும். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏகாதசி விரதம் இருப்பது. விரதத்தை விடச் சொல்லிச் சண்டை போடாமல், அன்றைக்கு மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வைக்கலாம்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று: "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு" என்றுதான் பதில் வரும். "என்ன சமைச்சீங்க?" என்று கேளுங்கள். மூன்று நாளாகத் தயிர்சாதம் என்றால் விஷயம் இருக்கிறது.

பணம் போனால் திட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவன், யாரிடமும் சொல்லாதே என்றுதான் முதலில் சொல்கிறான். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. "படிச்சவர்தானே, இதுகூடத் தெரியலையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அவர் நம்மிடமும் சொல்ல மாட்டார். திட்டுகிற நேரத்தில் சைபர் மோசடிக்கான 1930-க்குப் போன் போட்டால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்துவிடுங்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்கிறவர்கள், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வதில்லை. அது இருந்தால், பிள்ளை கைவிடும்போது 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

நம்பர்களை அவர்களுடைய போனில் பதிந்து கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், பதற்றத்தில் தேடத் தெரியாது. தினசரி காலண்டர் அட்டையில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: முதலில் பக்கத்து வீடு, பிறகு 108, 1930, முதியோருக்கான 14567. நாங்களும் ஆறு வீட்டில் ஒட்டினோம். ஜனவரியில் காலண்டர் மாறியபோது அந்தத் தாளும் பழைய அட்டையோடு பேப்பர்காரரிடம் போய்விட்டது என்பது மார்ச்சில்தான் எங்களுக்குத் தெரிந்தது.