பால் தொட்டி சூடானால் கேஷே சொல்லட்டும்: இக்னைட்டில் கன்டினியூவஸ் குவரி

கிராமங்களில் பாலைச் சேர்த்துக் குளிர வைக்கும் ஸ்டீல் தொட்டிகளின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரை நான் பார்த்துக்கொள்கிறேன். பால் 4 டிகிரியில் இருக்க வேண்டும். 6 டிகிரியைத் தாண்டினால் நிலையப் பொறுப்பாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். சாயங்காலம் கறந்த பால் இரவெல்லாம் தொட்டியில்தான் இருக்கிறது. குளிர் போய்விட்டால் காலையில் டேங்கர் வந்து திரும்பிப் போகும், நஷ்டம் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு.

ஒவ்வொரு தொட்டியும் அரை நிமிடத்துக்கு ஒரு அளவை அனுப்பும். தொட்டி எண்தான் கீ, அளவு வேல்யூ. இரண்டும் அப்பாச்சி இக்னைட் கேஷில் உட்காரும். பல சர்வர்களின் மெமரியில் தரவைப் பகிர்ந்து வைக்கும் சாஃப்ட்வேர்தான் இக்னைட், அதில் ஒரு சேமிப்பிடம்தான் கேஷ். ஆரம்பத்தில் நிமிடத்துக்கொரு தடவை கேஷ் முழுவதையும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். பெரும்பாலும் ஒன்றுமே மாறியிருக்காது, ஆனாலும் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். அதைத் தூக்கிவிட்டு, மாற்றம் வரும்போது கேஷே சொல்லும் கன்டினியூவஸ் குவரிக்கு மாறினோம். எப்படிச் செய்வது, எங்கே கால் வழுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

அமைப்பு சிறியதுதான். கன்டினியூவஸ் குவரி ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். அதற்கு மூன்று பாகம். இனிஷியல் குவரி, ஏற்கெனவே கேஷில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். ரிமோட் ஃபில்டர், சர்வர் நோடிலேயே (கேஷைத் தாங்கும் கணினியிலேயே) ஓடி எந்த மாற்றத்தை அனுப்பலாம் என்று முடிவு செய்யும். லோக்கல் லிஸனர், வந்து சேர்ந்த மாற்றங்களை உங்கள் பக்கத்தில் வாங்கிக்கொள்ளும். மூன்றையும் பொருத்திக் கேஷின் குவரி மெத்தடிடம் கொடுத்தால் ஒரு கர்சர் திரும்பி வரும்.

அந்தக் கர்சரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா பழக்கத்தில் அதை டிரை பிளாக்குக்குள் எழுதிவிடுவோம். பிளாக் முடிந்ததும் கர்சர் மூடும், அதோடு கண்காணிப்பும் நின்றுவிடும். எர்ரர் எதுவும் வராது. கிளாஸில் ஒரு ஃபீல்டாக வைத்து, சர்வீஸ் நிற்கும்போது மட்டும் மூடுங்கள்.

இனிஷியல் குவரியைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். நம் சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தில் சூடான தொட்டி அடுத்து எல்லை தாண்டும்வரை நம் கண்ணில் படாது. கர்சரில் வருவதையும் லிஸனரில் வருவதையும் ஒரே மெத்தடுக்கு அனுப்புங்கள். ஒரே தொட்டி இரண்டு வழியிலும் வந்தாலும் ஒரே எஸ்எம்எஸ் போகிற மாதிரி எழுதுங்கள்.

அடுத்தது ஃபில்டர். வேலையின் சாரமே இங்கேதான். நான் முதலில் எழுதியது ஒரே வரி: புது அளவு 6-க்கு மேல் இருந்தால் அனுப்பு. இதில் இரண்டு கோளாறு. சூடான தொட்டி அரை நிமிடத்துக்கொரு தடவை கத்திக்கொண்டே இருக்கும். திரும்பக் குளிர்ந்தால் அந்தச் செய்தி வரவே வராது, திரையில் சிவப்பு அப்படியே நிற்கும். ஈவன்டில், அதாவது கேஷ் தரும் மாற்றச் செய்தியில், பழைய வேல்யூவும் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பழையது 5.8, புதியது 6.1 என்றால் அனுப்பு. பழையது 6.4, புதியது 5.9 என்றாலும் அனுப்பு. 6.1 போய் 6.3 வந்தால் அனுப்பாதே. எல்லைக்கோட்டைத் தாண்டுவது மட்டும்தான் நமக்குச் செய்தி.

வேல்யூவைத் தொடுவதற்கு முன்னால் ஈவன்ட் வகையைப் பாருங்கள். கிரியேட்டட், அப்டேட்டட், ரிமூவ்ட், எக்ஸ்பயர்ட் என்று நான்கு உண்டு. கிரியேட்டடுக்குப் பழைய வேல்யூ கிடையாது, எனவே புது அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஃபில்டர் கிளாஸ் சர்வர் நோடுகளிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளாஸை மற்ற நோடுகளுக்குத் தானே கொண்டுசேர்க்கும் பியர் கிளாஸ் லோடிங்கை இயக்குங்கள், இயல்பில் அது அணைந்திருக்கும். தரவின் நகலை வைத்திருக்கும் பேக்கப் நோடிலும் ஃபில்டர் ஓடும் என்பதால் எண்ணிக்கை கூட்டுவது, லாக் எழுதுவது போன்ற வேலைகளை அதற்குள் வைக்காதீர்கள்.

இப்போது நான் மனது நொந்த இடம். மாற்றம் வந்தால் கேஷ் சொல்லும், சரி. மாற்றமே வராமல் போனால்? கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை என்றால் சென்சரும் சேர்ந்து செத்துவிடும். கடைசியாக வந்த 4.2 டிகிரி கேஷில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். இதற்காக 3 நிமிடம் புது அளவு வராவிட்டால் கேஷில் அந்தத் தொட்டியின் என்ட்ரி காலாவதியாகட்டும் என்று வைத்தோம். நான் தேர்ந்தெடுத்தது டச்ட் எக்ஸ்பயரி பாலிசி. அது எழுதும்போது மட்டுமல்ல, படிக்கும்போதும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். அலுவலகச் சுவரில் இருந்த டேஷ்போர்டு 20 நொடிக்கு ஒரு தடவை எல்லாத் தொட்டியையும் படித்துக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி ஒரு தொட்டி நின்றுபோனது. விடியும்வரை திரையில் 4.2, பச்சை நிறம். காலையில் போன் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே மாடிஃபைட் எக்ஸ்பயரி பாலிசியைப் போடுங்கள். எழுதும்போது மட்டும்தான் அதில் நேரம் புதுப்பிக்கப்படும். கிரியேட்டட் எக்ஸ்பயரி பாலிசியும் உதவாது, முதல் பதிவிலிருந்தே எண்ணும், உயிரோடு இருக்கும் தொட்டியையும் அழித்துவிடும். அப்புறம் குவரியில் இன்க்ளூட் எக்ஸ்பயர்ட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இயல்பில் அது ஃபால்ஸ், காலாவதி ஈவன்ட் வரவே வராது. ஃபில்டரும் எக்ஸ்பயர்ட் வகையைத் தடுக்காமல் விட வேண்டும். காலாவதியானதைப் பின்னணியில் தானே நீக்கும் ஈகர் டிடிஎல் கேஷ் அமைப்பில் இயல்பாகவே இயங்கும், அதை அணைத்தால் யாராவது தொடும்வரை காலாவதியான என்ட்ரி அகலாது.

லிஸனருக்குள் எஸ்எம்எஸ் அனுப்பாதீர்கள், வேறு கேஷைப் படிக்கவும் செய்யாதீர்கள். இயல்பில் அது இக்னைட்டின் சிஸ்டம் திரெட்டில் ஓடுகிறது, அங்கே கேஷ் வேலை செய்தால் டெட்லாக் வரலாம், ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு எல்லாம் உறைந்துவிடும். ஈவன்டை வாங்கி ஒரு கியூவில் போட்டுவிட்டுத் திரும்புங்கள். கேஷைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் லிஸனரைத் தனிக் கிளாஸாக எழுதி, அதை வேறு திரெட்டில் ஓட்டும் இக்னைட் ஏசிங்க் கால்பேக் அனொடேஷனைப் போடுங்கள். லாம்ப்டாவில் அதை ஒட்ட முடியாது.

எத்தனை ஈவன்டைச் சேர்த்து அனுப்புவது என்பதுதான் பேஜ் சைஸ். இயல்பில் அது 1, அதாவது ஈவன்ட் வந்ததும் அனுப்பிவிடும். அதைக் கூட்டினால், பேஜ் நிரம்பாவிட்டாலும் அனுப்ப வைக்கும் டைம் இன்டர்வெலையும் கொடுங்கள். அது 0-வாகவே இருந்தால் பேஜ் நிரம்பும்வரை செய்தி சர்வரிலேயே காத்திருக்கும்.

பேக்கப் எண்ணிக்கை குறைந்தது 1 இருக்கட்டும். தரவின் மூலப் பிரதி இருக்கும் பிரைமரி நோட் விழுந்தால், இன்னும் போய்ச் சேராத ஈவன்டுகளைப் பேக்கப் நோட் தன் வரிசையிலிருந்து அனுப்பும். ஆனால் குவரியைப் பதிவு செய்த நம் நோடே விழுந்தால் குவரியும் நீங்கிவிடும். எழுந்ததும் மறுபடி பதிவு செய்யுங்கள், இடைவெளியை இனிஷியல் குவரி நிரப்பும்.

கிளஸ்டரின், அதாவது எல்லா நோடுகளும் சேர்ந்த கூட்டத்தின், நலத்துக்கு இக்னைட் ஈவன்ட்ஸ் தனியாக இருக்கிறது. தரவு தொலைந்த பார்ட்டிஷன் (கேஷின் ஒரு பங்கு) பற்றிய ஈவன்டை கான்ஃபிகரேஷனில் பெயர் சொல்லிச் சேர்த்து, லோக்கல் லிஸன் மூலம் கேளுங்கள். கால்பேக் ட்ரூ திருப்பினால்தான் தொடர்ந்து கேட்கும், ஃபால்ஸ் திருப்பினால் ஒரே ஈவன்டோடு விலகிவிடும். ஒவ்வொரு படிப்புக்கும் வரும் ஈவன்டைச் சேர்க்காதீர்கள், கிளஸ்டர் திணறும்.

கடைசியாகச் சோதனை. ஒரு போலித் தொட்டியை 5.8, 6.1, 6.3, 5.9 என்று ஓட்டுங்கள், இரண்டே செய்தி வர வேண்டும். டேஷ்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தத் தொட்டியை நிறுத்துங்கள். 3 நிமிடம் கழிந்த கொஞ்ச நேரத்தில் எக்ஸ்பயர்ட் வர வேண்டும். பிறகு 7 டிகிரியில் மறுபடி இயக்குங்கள், கிரியேட்டட் வழியாக எச்சரிக்கை வர வேண்டும். இந்த மூன்றும் நடக்காமல் நான் இப்போது எந்த வெர்ஷனையும் வெளியே விடுவதில்லை.